வழி இலையில் சாப்பிட்டது யார்?

கவிழ்த்து வைத்திருந்த அண்டாவைப் பார்த்ததும் பாண்டியராஜன் சித்தப்பா இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"இதை யாரு தேய்ச்சது?"

ராத்திரி சாம்பார் அடிப்பிடித்துக் கரியாகிப் போன அண்டா அது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தண்ணீர் ஊற்றி ஊற வைத்துவிட்டுப் படுத்தோம். இப்போது கடையில் வாங்கிய புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது.

"நேத்து மதியமும் இப்படித்தான் இருந்துச்சு. நீங்க யாராச்சும் தேய்ச்சிருப்பீகன்னு நெனச்சேன்" என்றார் சித்தப்பா. அவர் குரல் இறங்கிப் போயிருந்தது.

நாங்கள் வில்லாபுரத்திலிருந்து பழனிக்கு நடந்து போகிற கூட்டம். எல்லோரும் ஒரே தெரு. ஆளுக்கு ஒரு பங்கு காசு போட்டு, அரிசி பருப்பு வாங்கித் தள்ளுவண்டியில் ஏற்றி, போகிற வழியில் பொங்கிச் சாப்பிடுவோம். கண்ணுச்சாமி மாமாதான் தலைவர். பங்கு விஷயத்தில் மகா கறார். "பங்கு போட்டவுகளுக்குத்தான் பந்தியில இலை" என்பார்.

என் பெயர் தமிழ்வாணி. ஆறாம் வகுப்பு. என் தம்பி பிறந்ததும் அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அவன் பிழைத்தால் பழனிக்கு நடந்தே வருவதாக அம்மா வேண்டிக்கொண்டார். பிழைத்துவிட்டான். இப்போது தெருவே அதிர அழுகிறான். கைப்பிள்ளையை விட்டுவிட்டு அம்மா எப்படி நடப்பார்? அதனால் அம்மாவுக்குப் பதிலாக நான் நடக்கிறேன். பாதியில் பஸ் ஏறினால் வேண்டுதல் அவ்வளவுதான்.

அன்று பரவையிலிருந்து விடியுமுன்பே கிளம்பினோம். தை மாதப் பனி. முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியவில்லை. நான் கடைசியில் நடந்தேன். எனக்குப் பின்னால் சரக், சரக் என்று செருப்புச் சத்தம். நான் நின்றேன். அதுவும் நின்றது. நடந்தேன். சரக், சரக்.

திரும்பிப் பார்த்தேன். வெள்ளைவெளேரென்று பனிதான் இருந்தது.

"சித்தப்பா, பின்னாடி யாரோ வாராக."

"சும்மா வா பிள்ள!" என்ற சித்தப்பா, ஓட்டமும் நடையுமாக கூட்டத்துக்கே முன்னால் போய்விட்டார். ரொம்பத் தைரியசாலி!

மதியம் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு தோப்பில் சமைத்தோம். எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. பந்தியில் உட்காரும் முன், ஓர் இலையில் சோறு வைத்து, தள்ளி ஒரு மரத்தடியில் வைத்துவிடுவோம். பசியோடு வருகிற யாரும் சாப்பிடலாம். அதற்கு 'வழி இலை' என்று பெயர். பெரும்பாலும் காக்காய்தான் வந்து கொத்தும்.

சாப்பிட்டு முடித்து, வழி இலையை எடுக்கப் போன சித்தப்பா, "ஐயோ, மாமா!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

எல்லோரும் போய்ப் பார்த்தோம். இலையில் ஒரு பருக்கை இல்லை. அதுகூடப் பரவாயில்லை. இலை மடித்திருந்தது. எந்தக் காக்காய் இலையை மடிக்கும்?

அதிலும் எதிர்ப்பக்கமாக மடித்திருந்தது. விசேஷ வீட்டில் சாப்பிட்டால் இலையை நம் பக்கமாக மடிப்போம். எதிர்ப்பக்கமாக மடிப்பது துக்க வீட்டில்தான்.

"இது செத்தவுக சாப்பிட்ட இலை" என்றார் மாமா. அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. "அண்டா தேய்ச்சதும் அதுதான். போதும்ப்பா. அடுத்த பஸ்ஸப் பிடிச்சு ஊருக்குப் போயிருவோம்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போ என் தம்பி வேண்டுதல்? அம்மாவிடம் போய் என்ன சொல்வேன்?

எல்லோரும் அவசர அவசரமாகச் சாமான்களைக் கட்டினார்கள். நான் மட்டும் இலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு இலைக்கு அந்தப் பக்கம், மரத்தை ஒட்டி உட்கார்ந்து பார்த்தேன்.

அட! இங்கே இருந்து பார்த்தால், இலை என் பக்கமாகத்தான் மடித்திருந்தது.

சாப்பிட்டவர் நாங்கள் இலை போட்ட பக்கம் உட்காரவில்லை. மரத்து நிழலில் ஒண்டி, எங்களைப் பார்த்தபடியே சாப்பிட்டிருக்கிறார். பேயாக இருந்தால் எதற்கு ஒளிய வேண்டும்? அதுதான் யார் கண்ணுக்கும் தெரியாதே!

அந்த நேரம் எனக்குப் பின்னால், புதருக்குள், யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

ஓடிவிடலாமா? ஓடினால் நேரே பஸ்தான். பேயோ மனுசரோ, பசித்துச் சாப்பிட்டவர்தானே? மெதுவாகக் கேட்டேன்.

"சோறு பத்துச்சா?"

புதர் லேசாக அசைந்தது. பிறகு, "பத்துச்சு தாயி" என்றது.

"முருகா!" என்று கத்திக்கொண்டு சித்தப்பா தள்ளுவண்டிக்கு அடியில் புகுந்துவிட்டார்.

புதரை விலக்கிக்கொண்டு ஒருவர் வெளியே வந்தார். எங்கள் தெரு முத்துத்தாய் அத்தை! வருஷா வருஷம் எங்களோடு நடப்பவர். இந்த வருஷம் முட்டி வலி, வரமாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

"முட்டிக்கு ஒண்ணுமில்ல" என்றார் அத்தை, தலை நிமிராமல். "பங்குக்குத்தான் காசு பொரளல. ஓசியில எப்படிப் பந்தியில உக்கார? தனியா நடக்கவும் பயமா இருந்துச்சு. அதான் உங்க சத்தத்தக் கேட்டுக்கிட்டே பின்னாடி வந்தேன்."

நாங்கள் அத்தைக்குப் பயந்திருக்கிறோம். அத்தை இருட்டுக்குப் பயந்திருக்கிறார். பாவம், அந்தப் பனியில் தன்னந்தனியாக!

"அப்ப அண்டா?" என்று வண்டிக்கு அடியிலிருந்து சித்தப்பாவின் குரல் மட்டும் வந்தது.

"வழி இலையில சாப்பிடுறேனே. சும்மா சாப்பிட மனசு கேக்கலப்பா."

மாமா தாடியைச் சொறிந்தார். "அதெல்லாம் சரி. ஆனா பங்குன்னு ஒண்ணு…"

"அத்தை பங்கக் குடுத்துட்டாகளே மாமா!" என்றேன். "நாம அரிசிக்குக் குடுத்தோம். அத்தை அண்டாவத் தேய்ச்சுக் குடுத்தாக. வேணும்னா நாளைக்கு நீங்க தேய்ச்சுப் பாருங்க, எம்புட்டுப் பங்குன்னு தெரியும்."

மாமா அண்டாவைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். பிறகு கட்டிய மூட்டையை அவிழ்த்து, அரிசிச் சாக்கை எடுத்து வெளியே வைத்தார்.

"பஸ் வேணாம். நடப்போம்" என்றார்.

சாயங்காலம் பந்தியில், தன் இலைக்குப் பக்கத்திலேயே மாமா இன்னோர் இலையை விரித்தார். "உக்காரு முத்துத்தாயி" என்றார்.

அத்தை உட்கார்ந்தார். ஒரு வாய் எடுத்து வைத்ததும் அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

குழம்பு வாளியோடு நின்ற சித்தப்பா பதறிப் போனார். "ஏக்கா, குழம்பு அம்புட்டு மோசமாவா இருக்கு?"

"இல்லப்பா. அமிர்தமா இருக்கு" என்றார் அத்தை.

அது பச்சைப் பொய். ஆனாலும் அத்தை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.