கொரிபாவுக்குப் போன விதைமஞ்சள்

ஈரோட்டுச் சென்னியப்பனின் நிழலும் கொரிபா நாட்டு ஓடெட்டின் நிழலும் பேரப்பெட்டிக்குள் போய் மூன்று நாளாகியும் கதவு திறக்கவில்லை. சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

கொரிபா கரீபியக் கடலில் கிடக்கும் குட்டித் தீவு நாடு. மஞ்சளிலிருந்து மருந்து காய்ச்சி உலகத்துக்கே விற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து மஞ்சள் போகும், அங்கிருந்து கொக்கோ வரும். முன்பெல்லாம் இரு பக்கத்து ஆட்களும் விருந்து சாப்பிட்டுக் கை குலுக்குவார்கள். எவனாவது ஒருவன் லஞ்சம் வாங்கிக்கொண்டு ஊரை விற்றுவிட்டு வருவான். அந்தத் தொல்லை வேண்டாமென்றுதான் பேரநிழலைக் கண்டுபிடித்தார்கள். ஒரு மாதம் கேள்வி கேட்டு ஒரு மனிதரின் மனத்தைப் படித்து, அவரைப் போலவே பேரம் பேசும் இயந்திரம் அது. அதற்கு வயிறும் கிடையாது, லஞ்சம் வாங்கக் கையும் கிடையாது. இரண்டு நிழல்களும் மூடிய பெட்டிக்குள் பேசும், முடிவு மட்டும் வெளியே வரும். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசிய ஊர்க்காரர்களுக்கு இது பெரிய அதிசயமாகப் படவில்லை.

துண்டுக்கடியில் சென்னியப்பனை ஏமாற்றிய ஆள் இன்னும் பிறக்கவில்லை என்பார்கள். அதனால்தான் மாநிலத்து மஞ்சள் விவசாயிகள் அவரைத் தங்கள் ஆளாக அனுப்பினார்கள். முதலில் கை தூக்கியவர் அவருடைய மனைவியின் அண்ணன் ராக்கியப்பன்.

"வெல கொஞ்சம் முன்னப்பின்ன ஆனாலும் பரவால்லீங்க மாப்பிள்ளை. வெதைமஞ்சளும் மண்ணுயிரும் மட்டும் போயிரக் கூடாது. அது போச்சுன்னா நாங்க போனோம்" என்று அவர் சொல்லியிருந்தார்.

மண்ணுயிர் என்பது ஈரோட்டு மண்ணில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்க்கூட்டம். மஞ்சளுக்கு மருந்துச் சத்தைக் கொடுப்பது அதுதான். இந்த இரண்டும் கிடைத்துவிட்டால் கொரிபாவே மஞ்சள் விளைவித்துக்கொள்ளும்.

மதியம் கதவு திறந்தது. நிழல் ஒப்பந்தத்தைச் சென்னியப்பனின் குரலிலேயே வாசித்தது. விதைமஞ்சளும் மண்ணுயிரும் கொரிபாவுக்கு. கொக்கோ விதையும் அதை வளர்க்கும் நுட்பமும் தமிழ்நாட்டுக்கு. கொரிபா மஞ்சளை இந்தியாவில் விற்கும் முழு உரிமை சென்னியப்பன் ஒருவருக்கே. தமிழ்நாட்டுக் கொக்கோவைக் கரீபிய நாடுகள் முழுக்க விற்கும் உரிமை ஓடெட் ஒருவருக்கே.

ராக்கியப்பன் பக்கத்து நாற்காலியில் இருந்தார். மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க மச்சான்! இந்தச் சனியன் என்ற கழுத்த அறுத்துப்போட்டுது!" சென்னியப்பன் பெட்டியை ஓங்கி அறைந்தார். வளர்த்த கடாவே மார்பில் பாய்ந்த ஆத்திரம் அவருக்கு. "ஒரு மாசமா நீ கேட்ட கேள்விக்கெல்லாம் என்ன சொன்னேன்? என்ற ஊருச் சனம் நல்லா இருக்கோணும்னு சொன்னனா இல்லையா?"

"சொன்னீர்கள்" என்றது நிழல். "ஒவ்வொரு முறையும் உங்கள் விரல் நாடி பார்க்கும் என் உணர்தட்டின் மேல் இருந்தது. நாடி வேறொன்று சொன்னது. வாய் ஒரு விலை சொல்லும், விரல் ஒரு விலை சொல்லும், விரல் சொல்வதுதான் கணக்கு என்று நீங்கள்தானே கற்றுக்கொடுத்தீர்கள்? அதன்படியே செய்தேன்."

சென்னியப்பன் விரல்களை மடக்கிக்கொண்டார்.

அந்த நேரத்தில் சுவர்த்திரையில் ஓடெட் வந்தார். கொரிபாவின் கொக்கோ விவசாயிகளுக்குத் தலைவி. ஐந்து வருடப் பழக்கம். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. மொழிபெயர்ப்பி அவருடைய பேச்சை அச்சுத் தமிழில் தந்தது. "என் நிழல் எனக்குத் துரோகம் செய்துவிட்டது, ஐயா. என் மக்களின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?"

"அழுவாதீங்கம்மா. ரத்து பண்ணிரலாம்" என்றார் சென்னியப்பன். சட்டம் அதற்கு இடம் கொடுத்திருந்தது. இங்கே பொழுது சாய்வதற்குள் இருவரில் ஒருவர் தம் பக்கத்துப் பெட்டியின் சிவப்புக் கண்ணாடியில் விரல் வைத்தால் போதும், ஒப்பந்தம் செத்துவிடும்.

"தாராளமாக ரத்து செய்யலாம்" என்றது நிழல். "செய்யமாட்டீர்கள் என்று தெரிந்த பிறகுதான் கையொப்பமிட்டேன்."

"யாருகிட்டப் பேசற நீயி? பாருங்க மச்சான், உங்க கண்ணு முன்னாலயே பண்றேன்!"

விரல் கண்ணாடிவரை போனது. அங்கே நின்றது. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் மஞ்சள் மூட்டைகள் மனத்தில் வந்தன. எல்லாவற்றிலும் தன் பெயர். அவர் தலையை உதறிப் பார்த்தார், மூட்டைகள் போகவில்லை. விரலை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

ராக்கியப்பன் எழுந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "நாங்க மிசினை நம்பி அனுப்பலீங்க மாப்பிள்ளை. உங்களை நம்பித்தான் அனுப்புனோம்." செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

ஓடெட் இன்னும் திரையில் இருந்தார்.

"ரத்து செய்துவிட்டீர்களா, ஐயா?" ஓடெட் மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் இல்லீங்க. நீங்க?"

"இன்னும் இல்லை."

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி நிழலிடம் கேட்டார்.

"அந்த உரிமை எத்தன வருசத்துக்கு?"