போகாத்தூது

"அண்ணாச்சி, நிலாவுலேருந்து உங்க தங்கச்சி," என்றாள் வானொலியைக் கவனிக்கும் ஜெசிந்தா.

தளவாய் திரும்பவில்லை. குலசேகரப்பட்டினம் போகாத்தூது நிலையத்தில் அவர் கதவுக்காரர். நிலவிலிருந்து கேள்வி வானொலியில் வரும். விரலகலக் கதவு ஒன்றால் அவர் பதில் சொல்வார். சாத்தினால் 'ஆம்', திறந்திருந்தால் 'இல்லை'. இடையில் எதுவும் போகாததால் ஒட்டுக்கேட்க ஆளில்லை. அதனால் எல்லோருமே இதற்கு மாறிவிட்டார்கள்.

உலகம்மையின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. "அண்ணே, பிள்ளைக்குக் காது குத்தணும். இங்க பொறந்த பிள்ளை, பூமிக்கு வந்தா எலும்பு தாங்காதாம். மாமன் மடி வேணும்லா? நீங்க மேல வருவியளா?"

நிலவில் குடியேறப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, முகத்துக்கு நேரே வாசற்கதவை அறைந்து சாத்தியவர் தளவாய். அத்தோடு விட்டாரா? சுடலைமாடன் கோயிலில் கற்பூரத்தை அணைத்து, 'இனி என்கிட்டேயிருந்து அவளுக்கு ஒரு வார்த்தை போகாது' என்று சத்தியமும் செய்துவிட்டார். வீறாப்பு மனிதர். பிள்ளையின் படம் மட்டும் அவர் சட்டைப்பையில் இருந்தது.

"சத்தியம் இருக்கு. பதில் கிடையாது," என்று கையைக் கட்டிக்கொண்டார்.

"அட போங்க அண்ணாச்சி! இங்கேருந்து என்னத்தப் போவுது?"

ஒன்றும் போகாதுதான். நிலவில் ஓர் ஒளியணுவுக்கு முன்னால் இரண்டு வழிகள். ஒன்று அங்கேயே சுற்றும். மற்றது இந்தக் கதவு வரை நீளும். கதவு திறந்திருந்தால் இரு வழி அலைகளும் குறுக்கிட்டு, அங்கே சிவப்பு விளக்கு எரியும். சாத்தியிருந்தால் குறுக்கீடு நடக்காது, பச்சை எரியும். ஒளியணு நிலவைவிட்டு நகர்வதே இல்லை.

"அப்ப சத்தியத்துக்கு ஒரு குறையும் வராது," என்றாள் ஜெசிந்தா. "இன்னொண்ணு. இப்பிடிச் சும்மா இருக்கீயளே, அதுவும் பதில்தான். கதவு திறந்துல்லா கெடக்கு? இப்ப மேல ஒளியணுவ விடுவாவ. அவியளுக்குச் சிவப்புதான் எரியும்."

தளவாய் கதவைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடம் பேசாமலே இருந்து சாதித்தவர். இந்த எந்திரத்திடம் அது நடக்காது. எப்படி இருந்தாலும் அது தங்கச்சிக்கு ஏதோ ஒன்றைச் சொல்லிவிடும். 'வரமாட்டேன்' என்று அவள் படிக்கப்போவதை நினைத்ததும் கை கதவுக்குப் போய்விட்டது.

ஒலிபெருக்கியில் அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தன. "பச்சை! ஏலே, ஒன் மாமா வாராவ!"

தளவாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டாவது தடவையா அவ முகத்துல கதவச் சாத்திட்டேன், ஜெசிந்தா," என்றார். "மெதுவாத்தான சாத்துனேன்?"