மஞ்சள் கண்ணும் ஒரு சீட்டிப் பையும்

கண்ணைப் பார்த்துத்தான் காதல் வரும் என்பார்கள். ஜானட் பார்த்த கண் மஞ்சளாக இருந்தது... மழை இருட்டிலும் பளிச்சென்று தெரிகிற மஞ்சள்.

கார்த்திகை மழை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் போகிற ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தொப்பலாக நனைந்து ஏறிய ஜானட், சீட்டில் கிடந்த துணிப்பையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள்.

"யாரு பை இது? பைக்கும் சேத்து காசு குடுத்துட்டீங்களா?"

"ஐயோ... இழுக்காதம்மா! டியூபு கீது!"

பையிலிருந்து ஒரு குழாய், பக்கத்தில் இருந்தவனின் சட்டைக்குள் போனது. உள்ளே பிளாஸ்டிக் பையில், பச்சையும் மஞ்சளுமாகப் பித்தநீர். அவன் விலாவைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தான். நியாயமாக அவள் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கண்களைப் பார்த்ததும் அப்பா லியோனார்ட் ஞாபகம் வந்துவிட்டது. குடித்துக் குடித்தே ஈரல் கெட்டு, வயிறு ஊதி, ரத்தமாக வாந்தியெடுத்து, போன வருஷம் செத்த அப்பா. எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டியது இவள்தான்.

"குடிக்கும்போது நல்லா இருந்துச்சில்ல?" என்று சொல்லிவிட்டாள்.

ஆட்டோவில் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை.

"ஒரு சொட்டு தொட்டதில்லமே. பித்தப்பையில கல்லுன்னாங்கோ. அத எடுக்கசொல்ல பித்தக்குழாயையும் சேத்து அறுத்துட்டாங்கோ. ஏரியாவே என்னை குடிகாரன்னுதான் சொல்லுது... நீயும் சொல்லிட்டுப் போ."

சே! என்ன வாய் இது... ஜானட்டுக்கு ஓடுகிற ஆட்டோவிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது.

அவன் பெயர் நீலமேகம். காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவன். வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு அதே வழியில்தான் திரும்புவான். தையல் கம்பெனியில் வேலை பார்க்கிற ஜானட், மிச்சம் விழுந்த சீட்டித் துணியில் ஒரு பை தைத்தாள். இடுப்பில் கட்டிக்கொள்ள நாடா வைத்தது. அடுத்த வாரம் அவன் கையில் திணித்தாள்.

"இன்னாமே இது, பூப்போட்டு கீது?"

"சட்டைக்குள்ளதானே கட்டப் போற? யாரு பாக்கப் போறா?"

"நீ பாத்தியே..."

அவன் சிரித்தான். பாழாய்ப்போன மனசு, அந்தச் சிரிப்பில் தடுக்கி விழுந்தது.

மார்ச்சில் அந்தக் குழாயை எடுத்துவிட்டு, வாய்வழியாக உள்ளே போய்ப் பித்தக்குழாயில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தார்கள். "மூணு மாசத்துல மாத்தியே ஆகணும். அடைச்சுக்கிட்டா சீழ் புடிக்கும், உயிருக்கே ஆபத்து" என்று டாக்டர் அப்சல் படித்துப் படித்துச் சொன்னார். நீலமேகத்தின் கண் மஞ்சள் போய் வெளுத்தது. ஜானட் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

மூன்று மாதம் சரியாக ஜூனில் வந்து நின்றது. மீன்பிடித் தடை முடிந்து படகுகள் கடலுக்குக் கிளம்புகிற வாரம். முதல் பயணத் தொழிலுக்கு ஏறாதவனை அப்புறம் எந்தப் படகிலும் சீண்ட மாட்டார்கள். படகுக்கார ராசையா, நீலமேகத்தைக் கூப்பிட்டிருந்தார்.

"மாத்திட்டுப் போயேன்யா. படகு எங்க ஓடிப்போகுது?" என்றாள் ஜானட்.

"சீக்காளின்னு ஒதுக்கி வெச்சிருந்தாங்கோ. இப்பதான் ஆளா மதிச்சி கூப்டுறாங்கோ. போய்ட்டு வந்து மாத்திக்கிறேன்மே. உடம்பு நல்லாத்தான கீது?"

"எங்கப்பாவும் இதையேதான் சொன்னாரு! இன்னொரு பொணத்துக்குக் காவல் இருக்க என்னால முடியாது. போ... திரும்பி என் மூஞ்சில முழிக்காத!"

அவனும் வீம்பு, இவளும் வீம்பு. போய்விட்டான். இவள் போன் பண்ணவில்லை.

நடுக்கடலில் குளிர் கண்டது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டதாம். வலையை அப்படியே இழுத்துப் போட்டுவிட்டு ராசையா படகைத் திருப்பினார். ஆஸ்பத்திரி வாசலில் இருந்து அவர்தான் போன் செய்தார். "ஜானட்டும்மா... கொஞ்சம் வாம்மா."

அவள் போனபோது அவனுக்கு நினைவில்லை. ஸ்டென்ட் அடைத்து, சீழ் ரத்தத்தில் கலந்திருந்தது. படுக்கைக்குக் கீழே அவனுடைய கடல் மூட்டை கிடந்தது. பிரித்தாள். மடித்து வைத்த சீட்டிப் பை. தேவையே இல்லாத பையைக் கடலுக்கு எதற்குக் கொண்டுபோனான், கூறுகெட்டவன்... ஜானட் வாய்விட்டு அழுதாள்.

பிழைத்தான். விலாவில் மறுபடியும் குழாய், மறுபடியும் பை, கண்ணில் அதே மஞ்சள்.

"ஈரல் சுருங்க ஆரம்பிச்சிருக்கு" என்றார் டாக்டர் அப்சல். "பித்தக்குழாயைக் குடலோட இணைச்சு பெரிய ஆபரேஷன் பண்ணணும். அதுக்கப்புறமும் ஈரலையே மாத்தற நிலைமை வரலாம். எதையும் உறுதியா சொல்ல மாட்டேன்."

வீட்டுக்குப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. அதே ஷேர் ஆட்டோ. நீலமேகம் வெளியே பார்த்துக்கொண்டு, "நீ சொன்னதுதான் சரி. என்னை வுட்டுட்டு போய்டு ஜானட்டு... எத்தினி நாளுன்னு டாக்டருக்கே தெரியல" என்றான்.

அவள் பதில் சொல்வதற்குள் ஒரு பூக்காரம்மா ஏறினாள். இருவருக்கும் நடுவில் இருந்த சீட்டிப் பையின்மேல் கை வைத்தாள்.

"யாருதும்மா இது? கொஞ்சம் எடேன்."

ஜானட் சட்டென்று பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இழுக்காதீங்க... எங்களுது."

நீலமேகம் திரும்பிப் பார்த்தான். "எங்களுதா?"

"ஆமாய்யா. எங்கப்பாவுக்கு வேற வழியில்லாம செஞ்சேன். உனக்கு ஆசைப்பட்டுச் செய்யறேன். உன்ன புடிச்சிருக்கு. இந்தக் கண்ணோடயே புடிச்சிருக்கு. எத்தினி நாளோ... அத்தினி நாளும் எனக்கு வேணும்."

அவன் சீட்டிப் பையின் நாடாவைத் தொட்டான். "கடல்ல பல்லு தந்தியடிக்கசொல்ல உன் பேரைத்தான்மே சொல்லிகினு இருந்தேன். செத்தா இத பாத்துகினே சாவலாம்னுதான் அந்தப் பையை எடுத்துப் போனேன். உன் மேல உசுருமே எனக்கு..."

மஞ்சள் கண் நிரம்பி வழிந்தது. துடைக்கக் கை வரவில்லை அவளுக்கு. பையைத் தாழ்த்தியே வைக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்து, ஜானட் அதை இரண்டு கையாலும் அவன் முழங்காலுக்குக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டாள்.