ஈ மொய்க்காத மீன்

மூங்கில் பரணில் பரப்பியிருந்த மீன் மேல் அன்று காலை ஒரு ஈகூட உட்காரவில்லை.

நிரோதாவுக்கு முதலில் அது நிம்மதியாகத்தான் இருந்தது. கருவாடு காயப்போடுகிறவளுக்கு ஈயைவிடப் பெரிய எதிரி கிடையாது. வங்காளதேசத்துச் சீதாகுண்டுக் கரையில் பலபேர் பூச்சிமருந்துப் பொடியைத் தூவிவிட்டுப் போய்த் தூங்குவார்கள். அவளுக்கு மனசு வராது. ஓலை விசிறியோடு நாள் முழுக்க நின்று விரட்டுவாள். அன்று விசிறிக்கு வேலையில்லை. வெயில் ஏறியது. கப்பல் உடைக்கும் முற்றத்திலிருந்து எரிந்த பெயின்டின் காரவாசனை வந்தது. எங்கோ ஒரு பெரிய இரும்புத் தகடு சேற்றில் விழ, அந்த 'தொம்' சத்தம் மண் வழியாக ஊர்ந்து வந்து அவள் உள்ளங்காலைத் தொட்டது. காக்கைகள் பரணுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்காமலே போய்விட்டன.

"அக்கா, நீயும் மருந்து தூவ ஆரம்பிச்சிட்டியா?" என்றாள் கொழுந்தன் மனைவி பாருல்.

"இல்லடி."

"என்கிட்ட மறைக்கிற பாத்தியா."

"என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணவா?"

பாருல் சிரித்தாள். பிறகு குனிந்து மீனைப் பார்த்தாள். பொடி எதுவும் இல்லை. சிரிப்பு நின்றது.

முற்றத்துக்கு உடைக்க ஒரு கறுப்புக் கப்பல் வந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. பௌர்ணமிக் கடல் ஏற்றத்தில் கரையேறிச் சேற்றில் வயிறு புதைந்து நின்றது. அதன் அடியறையில் தேங்கியிருந்த நீரை இரண்டு நாள் கடலில் இறைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து, தண்ணீர் வடியும்போதெல்லாம் சேற்றின் மேல் புறாக் கழுத்துப் போல நிறங்கள் நெளிந்தன. மீனவர்கள் போய்க் கேட்டார்கள். தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கிறது என்று முற்றத்து மேனேஜர் சொல்லி அனுப்பிவிட்டார்.

நிரோதாவின் புருஷன் ஹரிபதா அந்தக் கப்பலுக்குப் பக்கத்து ஓடையில்தான் வலை கட்டுகிறவன். ஒரு வாரமாக டீ கிளாஸை அவனால் தூக்கிப் பிடிக்க முடியவில்லை. தூக்கினால் மணிக்கட்டு தானாக மடிந்து தொங்கியது, காம்பொடிந்த பூவைப் போல.

"வயசாகுதுடி எனக்கு."

"கைக்கு மட்டுமா வயசாகும்?"

"வாய்லயும் ஏதோ மாதிரி இருக்கு. பழைய சாவியப் போட்டு சப்புற மாதிரி."

அதைச் சொல்லிவிட்டு அவன் சோற்றில் மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்தான். அந்தக் கை தட்டின் விளிம்பில் மோதி மோதி எழுப்பிய சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஈ மொய்க்காத அந்தக் காலைக்கு மூன்றாம் நாள் பிற்பகல் மீன்கள் தாமாகவே கரைக்கு வந்தன.

பாடாவே, அந்த மீனவர் குடியிருப்பே, ஓடியது. முழங்கால் ஆழத் தண்ணீரில் மடவை, கொடுவா, பெயர் தெரியாத குஞ்சுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து மெதுவாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. வலை வேண்டாம், கூடையே போதும். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிரித்துச் சிரித்து அள்ளினார்கள். நிரோதாவும் இறங்கினாள். ஒரு மீன் அவளைப் பார்த்து விலகவில்லை. அவள் கணுக்காலில் முட்டியது, பின்வாங்கியது, மறுபடி முட்டியது. கண் தெரியாத ஒருவர் சுவரைத் தடவுவது போல. அவள் உடம்பு சிலிர்த்தது.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் தனியாக உட்கார்ந்து ஒன்றை அறுத்தாள். உள்ளே ஈரல் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக, பளபளவென்று ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. விரலில் ஈயவாசனை. தலையைத் துண்டித்துத் தட்டில் வைத்தாள்.

வாய் திறந்தது. மூடியது.

அறுத்த மீன் சற்று நேரம் துடிக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? நாற்பது வருஷமாக மீன் அறுக்கிறாள். அடுப்பை ஊதினாள். அரிசி களைந்தாள். உலை கொதித்தது. திரும்பிப் பார்த்தாள்.

திறந்தது. மூடியது.

அன்று ராத்திரி அந்த வீட்டில் வெறும் சோறும் உப்பும்தான். இனி மீனே வேண்டாம் என்றாள்.

"பின்ன என்னத்தத் திங்கச் சொல்ற?" என்றான் ஹரிபதா. கோபமாகச் சொல்லவில்லை. தொங்கிய கையை மறு கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

பயம் அவள் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. விடியும்போது அந்தக் கல் சூடேறியிருந்தது.

மறுநாள் கடுகு அரைத்து, பச்சைமிளகாய் கீறிப் போட்டு, கரைக்கு வந்த மீனில் ஒரு சட்டி குழம்பு வைத்தாள். மூடியைத் துணியால் கட்டி இடுப்பில் ஏந்திக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். மேனேஜரின் மேஜையில் இருந்த தாள்களை ஒதுக்கிவிட்டு, கொண்டுபோன தட்டில் குழம்பை ஊற்றி வைத்தாள்.

"என்ன இது?"

"மீன், சாகேப். உங்க சுத்தமான தண்ணில பிடிச்சது."

"எனக்கு வயிறு சரியில்ல."

"போன மாசம் சரியாத்தான இருந்துச்சு? மீன் வேணும்னு ஆள் அனுப்பினீங்களே."

"எடுத்துட்டுப் போம்மா. வேலை கிடக்கு."

"ஒரே ஒரு வாய். நீங்க சாப்பிட்டீங்கன்னா நான் போயிடுறேன். இந்தப் பக்கமே வரமாட்டேன்."

அவர் தட்டைப் பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். சுவர் வரை.

"அப்ப தெரியும் உங்களுக்கு" என்றாள் நிரோதா.

அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அவள் வீட்டுக்குப் போகவில்லை. முற்றத்து வாசலில் லாரி போகும் வழி நடுவே சட்டியை வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். லாரிகள் நின்றன. ஹாரன் அடித்தார்கள். திட்டினார்கள். மதியத்துக்குப் பாருல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு நான்கு பேர். பிறகு மொத்தம் பன்னிரண்டு பேர். சம்மட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பல வருஷத்துக்குப் பின் அந்தக் கரையில் அலையின் சத்தம் கேட்டது.

பொழுது சாய்ந்தது. காவலாளி மொபின் நோட்டும் டார்ச்சும் கொண்டு வந்தான். வடக்கே ரங்பூரிலிருந்து பிழைக்க வந்த ஆள். இவர்கள் பிடிக்கும் மீனைத்தான் தினமும் தின்கிறவன்.

"பேரெல்லாம் எழுதச் சொன்னாங்க, பெரியம்மா. போலீசுக்குக் குடுப்பாங்களாம். வீட்டுக்குப் போயிடுங்க."

"எழுதிக்கோ."

அவன் முதல் பெண்ணின் முகத்தில் வெளிச்சம் அடித்தான். அவள் பேரைச் சொன்னாள். அவன் எழுதவில்லை.

அடுத்தவள். அவளும் சொன்னாள்.

பேனா அசையவில்லை.

அவன் பார்வை போன இடத்தை நிரோதாவும் பார்த்தாள். பேசும் வாய். பல்லுக்கு மேலே, ஈறு தொடங்கும் இடத்தில், ஒரு கோடு. ஈயம் படிந்த கருநீலம். மெல்லிய பேனாவால் இழுத்தது போல.

வெளிச்சம் நகர்ந்தது. அங்கும் கோடு. அடுத்த வாய். கோடு. சின்னப் பெண் ஒருத்தி, போன தையில் கல்யாணமாகி வந்தவள், ஆறு மாதக் கர்ப்பிணி. கோடு.

பாருல். கோடு.

வெளிச்சம் நிரோதாவிடம் வந்தது. அவள் பேரைச் சொன்னாள். நிரோதா ஜலதாஸ். தெளிவாக. மொபினின் முகத்தைப் பார்த்தபடி சொன்னாள். தன் வாயில் இருப்பதை அந்த முகத்தில் படித்தாள்.



மொபின் நாக்கால் தன் ஈறை மெதுவாகத் தடவினான். பிறகு உதடுகளை இறுக மூடிக்கொண்டான்.

"நல்லாப் பாரு" என்றாள் நிரோதா. "போய் எழுது."

பன்னிரண்டு பெண்களும் வெளிச்சத்தை நோக்கி வாயைத் திறந்தார்கள்.