நான்காம் துளை

மண் சூடாக இருந்தது.

நகராட்சியின் இளநிலைப் பொறியாளர் அந்தப் பிளாஸ்டிக் பையை மேசையிலிருந்து எடுத்தபோது, தன் உள்ளங்கைச் சூடுதான் என்று முதலில் நினைத்தாள். ஆனால் மூன்று நாளாக விடாத தூறலில் அலுவலகச் சுவரே வியர்த்துக் கிடக்க, முதல் மூன்று துளைகளின் மண் தவளைமுதுகாகச் சில்லிட்டிருக்க, நான்காம் துளையின் மண் மட்டும் காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றிபோல் கதகதத்தது.

ஊருக்கு வெளியே, மண்ணைச் சோதிக்க நான்கு இடத்தில் துளை போட்டிருந்த முப்பது ஏக்கர் பள்ளம். அதை மேடாக்கி, வடிகால் வெட்டி, சாலை போட்டுக் கொடுத்தால்தான் வீடு கட்ட வருவோம் என்று கட்டுமானக்காரர்கள் பிகு செய்தார்கள். அந்தச் செலவை நகராட்சியே ஏற்பதா என்று நாளைக் காலை மன்றத்தில் முடிவு. அதற்கு முன் மண் அறிக்கையில் அவள் கையெழுத்து விழ வேண்டும். அங்கே வரப்போகும் வீடுகளில் ஒன்றுக்கு அவளும் கணவனும் பெயர் கொடுத்திருந்தார்கள். மாமியார் வீட்டு மாடி அறையில் ஆறு வருடம். போதும் போதும் என்றாகிவிட்டது.

மண்ணை மோசமாகக் காட்டினால் நிரப்பும் வேலை பெருகும், ஒப்பந்தக்காரருக்குக் கொண்டாட்டம். துளை போடுகிறவரைக் கைக்குள் போட்டுக்கொண்டு விளையாடுகிறார்களோ? அவருக்குப் போன் செய்தாள்.

"இந்த மண்ணை எங்கேருந்து எடுத்தீங்க?"

"அங்கேருந்துதான் மேடம்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. நாலு மணிக்கெல்லாம் பள்ளத்தில் போய் இறங்கினாள்.

துளை போடுகிறவர் இயந்திரத்தைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"திரும்ப மாட்டுங்க. என் கண் முன்னாடி எடுங்க."

"இன்னைக்கு வேணாம் மேடம். மழை..."

"மழையா, இல்லை வேற ஏதாவதா?"

அவர் இயந்திரத்தின் முக்காலியை இறக்கி, அதன் மூன்று கால்களையும் நான்காம் துளைமேல் நிறுத்தினார். குழாய் இறங்க இறங்க இயந்திரம் தடதடவென்று அதிர்ந்தது. டீசல் புகைக்கு அடியில் வேறொரு வாசனையும் மெல்லக் கிளம்பிற்று. சோப்பு. கொதிக்கும் உலை. யாரோ இப்போதுதான் குளித்துவிட்டு ஈரத்துணி காயப்போட்ட வீட்டின் வாசனை.

ஒன்பது மீட்டர். குழாயை மேலே இழுத்துப் பிளந்தார். களிமண். மணல். அதற்கும் கீழே, வட்டமாக அறுபட்ட சிமெண்டுத் துண்டு. அதன் அடிப்பக்கத்தில் வெள்ளை அடித்திருந்தது. சுண்ணாம்பு விரலில் ஒட்டியது.

"பழைய கட்டடத்தை மூடி மறைச்சிருக்கீங்க. யார் சொல்லி?"

"மேடம், முதல் மூணு துளையிலயும் இதேதான் வந்துச்சு. பயந்துபோய் ரோட்டோரத்து மண்ணை அள்ளிப் பையில போட்டேன். தப்புதான். நாலாவதைப் பாதியிலயே நிறுத்திட்டேன், அது ஒண்ணுதான் நிஜ மண்ணு." அவர் குரல் தேய்ந்தது. "அது பழைய கட்டடம் இல்ல. ஆள் இருக்காங்க."

பொய் சொல்கிறார். மாட்டிக்கொண்டதும் கதை கட்டுகிறார். அவள் சேற்றில் மண்டியிட்டு, துளையின் விளிம்பில் இடது கையை ஊன்றிக் காதை வைத்தாள்.

முதலில் நீர் சொட்டும் ஓசை. பிறகு பாத்திரம் ஒன்றைத் தரையில் வைக்கும் சத்தம். செருப்பின் சரசரப்பு, நின்று, மறுபடி. பிறகு ஒரு பெண்குரல், சாவகாசமாக, சலிப்பாக:

"ஏங்க, இங்க வந்து பாருங்க. கூரையில இன்னொரு ஓட்டை."

அவள் காதை இன்னும் அழுத்தி வைத்தாள்.

கீழே நாற்காலி இழுபட்டது. அதன்மேல் இன்னொன்று. இன்னொன்று. யாரோ ஏறுகிறார்கள். மரம் கிறீச்சிட்டது. அருகில். இன்னும் அருகில்.

பின்னால் வண்டி கிளம்பிப் போகும் சத்தம். அவள் திரும்பிப் பார்த்தாள். துளை போடுகிறவர் இல்லை. தூறலுக்குள் மற்ற மூன்று துளைகள் தெரிந்தன. ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் ஒரு கை மணிக்கட்டு வரை வெளியே நீண்டு, ஈரச் சிமெண்டை விளிம்பெல்லாம் பூசி, பொறுமையாக, வழவழப்பாகத் தேய்த்துக்கொண்டிருந்தது.

எழ வேண்டும். கால் சேற்றில் வழுக்கியது.

நான்காம் துளையிலிருந்தும் விரல்கள் வந்தன. விளிம்பைத் தடவின. அவள் வளையலைத் தடவின. நின்றன.

"அடைக்க ஏதாவது கிடைச்சுதா?" என்று கீழேயிருந்து கேட்டாள் அந்தப் பெண்.

கதகதவென்றிருந்த அந்தக் கை அவள் மணிக்கட்டைச் சுற்றி இறுகியது.