சியோலில் ஒரு மஞ்சள் முடிச்சு

நர்மதாவைப் போல ஒரு மறதிக்காரியைக் கும்மிடிப்பூண்டி முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. இதைச் சொன்னது ஊரார் இல்லை. அவளுடைய சொந்த மகள், ஆறாம் வகுப்பு படிக்கும் பூமிகா.

வேலையில் நர்மதா கெட்டிக்காரி. கார்களுக்கு ஒயர் கோக்கும் கம்பெனியில் எந்த நிற ஒயர் எந்தத் துளையில் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆனால் வீட்டுக்கு வரும்போது குடை பேருந்தில் இருக்கும், டிபன் பாக்ஸ் ஷேர் ஆட்டோவில் இருக்கும். ஒருமுறை பூமிகாவின் தம்பி மதனையே ரேஷன் கடையில் விட்டுவிட்டு, பாமாயில் பாக்கெட்டோடு மட்டும் வந்து சேர்ந்தாள். கடைக்காரர் அவனை அரிசி மூட்டைமேல் உட்கார வைத்திருந்தார்.

அப்பேர்ப்பட்ட அம்மாவை, பயிற்சிக்காகத் தென்கொரியாவின் தலைநகரம் சியோலுக்கு அனுப்பப் போவதாகக் கம்பெனி சொன்னது. தெருவே சந்தோஷப்பட்டது. பூமிகாவுக்கு மட்டும் பயம் பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து அப்பாவின் போனில் வெளிநாட்டுப் பயண வீடியோவாகப் பார்த்துத் தள்ளினாள். பார்த்ததையெல்லாம் அம்மாவிடம் ஒப்பித்தாள்.

"அம்மா, ஓட்டல் அட்ரஸ அந்த ஊரு எழுத்துலயே கையில வச்சிக்கணும். இங்கிலீஷ்ல காட்டினா டாக்சிக்காரருக்குப் புரியாமப் போயிடும்."

"சரிடி."

"பவர் பேங்க் எப்பவும் பையிலயே இருக்கணும். கூட்டத்துல தனியா மாட்டிக்கினா, நின்ன எடத்துலயே நிக்கணும். கூட வந்தவங்க தேடிக்கினு அங்கதான் வருவாங்க."

"ஏண்டி, நான் உனக்கு அம்மாவா, நீ எனக்கு அம்மாவா?"

"வரப்போ டைனோசர் வாங்கினு வரணும்," என்று மதனும் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னான்.

கம்பெனி கொடுத்த தாளில் ஓட்டல் முகவரி கொரிய எழுத்தில் இருந்தது. பூமிகா அதை ஜெராக்ஸ் எடுத்து இரண்டு சின்னச் சீட்டுகளாக வெட்டினாள். ஒன்றை அம்மாவின் கைப்பையில் வைத்தாள். அம்மா போனிலும் அப்பா போனிலும் படமாகவும் எடுத்து வைத்தாள். அப்படியும் மனசு ஆறவில்லை. கைப்பையை மாற்றிவிட்டால்? போனைத் தொலைத்துவிட்டால்?

கிளம்புவதற்கு முதல்நாள் மாலை, அப்பா தணிகைவேல் திருத்தணி முருகன் படத்துக்கு விளக்கேற்றினார். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றாலோ, யாராவது தூரப் பயணம் போனாலோ, ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து வேண்டிக்கொள்வார்கள். நல்லபடியாக முடிந்த பிறகு திருத்தணிக்குப் போய், உண்டியல் முன்னால்தான் முடிச்சை அவிழ்க்க வேண்டும். நடுவில் அவிழ்க்கவே கூடாது.

"பூமி, உன் கையால முடிஞ்சு குடும்மா," என்றாள் அம்மா.

மஞ்சள் துணியைக் கையில் வாங்கியதும் பூமிகாவுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அவளுக்கு டெங்கு வந்தபோதும் அம்மா இப்படித்தான் முடிந்து வைத்தாள். குடையை மறந்தாள், டிபன் பாக்ஸை மறந்தாள், மதனையே மறந்தாள். அந்த முடிச்சை மட்டும் திருத்தணி போய்ச் சேரும் வரை ஒருநாள்கூட மறக்கவில்லை. காலையும் மாலையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பூமிகா சுற்றுமுற்றும் பார்த்தாள். மீதியிருந்த இன்னொரு சீட்டைச் சின்னதாக மடித்துக் காசுக்கு அடியில் வைத்தாள். இரண்டு முடிச்சாக இறுக்கிப் போட்டாள்.

'முருகா, தப்பா எடுத்துக்காதே,' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"சாமி என் கூடவே வரட்டும்," என்று அம்மா அந்த முடிச்சைச் சுடிதாரின் உட்புறம் ஊக்குப் போட்டுக் குத்திக்கொண்டாள்.

அம்மா சியோல் போய்ச் சேர்ந்தாள். பயிற்சியும் நல்லபடியாகவே போனது. பிறகு ஒரு சனிக்கிழமை வந்தது.

மத்தியான நேரம். அப்பா தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்தார். அந்தக் கம்பெனியில் உள்ளே போகும்போதே போனை வாங்கி வாசலில் பூட்டிவிடுவார்கள். பூமிகா மதனுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். வீட்டிலிருந்த கீறல் விழுந்த பழைய போன் அடித்தது.

"பூமி..." அம்மாவின் குரல் நடுங்கியது. "நான் தனியா மாட்டிக்கினேன்மா."

"இன்னாம்மா ஆச்சு?"

"அரண்மனை பார்த்துட்டு எல்லாரும் ரயிலுக்கு வந்தோம். எங்க சூப்பர்வைசர் எட்வர்ட் சாரும் மத்தவங்களும் ஏறிட்டாங்க. நான் ஒரு போட்டோ எடுத்துட்டு ஏறலாம்னு பார்த்தேன். நம்ம சென்ட்ரல் வண்டியா இருந்தா ஓடிப் போய்த் தொத்திக்கலாம். இங்க கதவு டப்புனு மூடிக்கிச்சு. சாரு உள்ள இருந்து கைய ஆட்டிக்கினே போறாரு."

"நின்ன எடத்துலயே நின்னியா?"





"அடுத்த வண்டியில ஏறிட்டேன். எங்கயோ எறங்கி மேல வந்துட்டேன். எந்தத் தெருன்னே தெரியல. அங்க மத்தியானம், இங்க இருட்டிக்கினு வருது. வாயத் தொறந்தா புகையா வருது, அவ்ளோ குளிரு. போன்ல சார்ஜ் வேற செவப்பாயிடுச்சு."

"பவர் பேங்க்?"

"ரூம்ல சார்ஜ் போட்டுட்டு வந்தேன்."

"பையில சீட்டு வச்சேனே?"

"அது பழைய பை. இன்னைக்குப் புதுப் பை எடுத்துக்கினு வந்தேன்."

"சீட்ட உன் போன்ல போட்டோ எடுத்தது?"

"எடம் இல்லன்னு போன் காட்டிச்சு. அரண்மனைய எடுக்கணுமேன்னு பழசெல்லாம் அழிச்சிட்டேன்."

'நான் அப்பவே சொன்னேன்ல!' என்ற வார்த்தை பூமிகாவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அம்மா அழுகிறாள். அம்மா அழுது பூமிகா கேட்டதே இல்லை. வந்த வார்த்தையை அப்படியே விழுங்கினாள்.

"பரவால்லம்மா. ஓட்டல் பேரு எதனா ஞாபகம் இருக்கா?"

"'ஸ்டே'ன்னு முடியும். இங்க பாக்கற போர்டெல்லாம் 'ஸ்டே'ன்னுதான் போட்டிருக்கு."

"சரி, பக்கத்துல கடை இருந்தா உள்ள போய் நில்லு. குளிராம இருக்கும். போன வச்சிடு, சார்ஜ் மிச்சமாவும். நான் திரும்பக் கூப்பிடறேன்."

அப்பாவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பூட்டிய பெட்டிக்குள் யார் எடுப்பார்கள்? முகவரிப் படமும் அந்தப் போனில்தான் இருந்தது. கம்பெனி கொடுத்த தாள் அம்மாவின் பெட்டியோடு போய்விட்டது. அம்மாவின் சூப்பர்வைசர் எட்வர்டைக் கூப்பிட்டாள். அவர் போன் கிடைக்கவே இல்லை. ஓட்டல் வைஃபை போதும் என்று அந்த ஊருக்கான ரீசார்ஜ் செய்யாமல் போனவர் அவர்.

மிச்சம் இருந்தது அந்த மஞ்சள் முடிச்சு ஒன்றுதான்.

அதைச் சொன்னால் அம்மா திட்டுவாள். திட்டினால்கூடப் பரவாயில்லை, பயந்துவிட்டால்? சொல்லாவிட்டாலோ அம்மா அந்தக் குளிரில் நிற்பாள். பூமிகா போனை எடுத்தாள். சோற்றுக் கை காய்ந்திருந்தது.

"அம்மா, கடைக்குள்ள போயிட்டியா? நான் சொல்றதக் கேளு. முடிச்ச அவுத்துடு."

"இன்னா பேச்சு பேசற! அது சாமி முடிச்சு!"

"அதுக்குள்ள ஓட்டல் சீட்டு இருக்கும்மா. நான்தான் வச்சேன்."



"சாமிக்கு முடிஞ்சதுலயா வச்ச?"

"ஆமாம்மா. நீ எல்லாத்தையும் மறந்துடுவே. அதை மட்டும் மறக்க மாட்டே. அதான்..."

"மாட்டேன் பூமி. கடல் தாண்டி வந்திருக்கேன். அத அவுத்து, அங்க உங்களுக்கு எதனா ஆச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

வழி தெரியாத ஊரில் நின்றுகொண்டு அம்மா தங்களை நினைத்துத்தான் பயப்படுகிறாள்!

"அம்மா, நீ பத்திரமா வரணும்னுதானே முடிஞ்சோம்? நீ தெருவுல நின்னு, முடிச்சு மட்டும் பத்திரமா இருந்தா..."

போன் செத்துவிட்டது.

"அம்மா? அம்மா!"

எதுவரை அம்மாவின் காதில் விழுந்தது? தெரியவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். பதிவுக் குரலில் யாரோ ஒரு பெண் ஏதோ மொழியில் ஏதோ சொன்னாள். அவ்வளவுதான்.

"அம்மா அவுப்பாங்களா?" என்று கேட்டான் மதன்.

"தெரியலடா."

தட்டில் சோறு அப்படியே காய்ந்தது. தெருவில் தண்ணீர் லாரி வந்தது. எல்லாரும் குடத்தோடு ஓடினார்கள். பூமிகா ஓடவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் முருகன் படத்துக்குமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் நகராமல் பேஜார் பண்ணியது. அம்மாவுக்குப் பிடிவாதம் வந்தால் அப்பாகூட வாயைத் திறக்க மாட்டார். முடிச்சைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய நின்றாலும் நிற்பாள்.

மதன் மெல்ல எழுந்து படத்துக்கு முன்னால் போய்க் கைகூப்பினான்.

"முருகா, டைனோசர் வேணாம். அம்மா மட்டும் போதும்."

அதைக் கேட்டதும் பூமிகாவுக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. அவனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்போது போன் அடித்தது. அம்மாவின் நம்பர்!

"பூமி! ரூமுக்கு வந்துட்டேன்டி!"

மதன் போனைப் பிடுங்கி, "அவுத்தியாம்மா?" என்று கத்தினான்.

"அவுக்க வருதா? உங்க அக்கா முடிச்சா போட்டிருக்கா! பல்லால கடிச்சு இழுத்தேன். அப்பதான் தோணிச்சு. சின்னப் புள்ள இத்தினி இறுக்கமா முடிஞ்சிருக்கே, மனசுல எவ்ளோ பயம் இருந்திருக்கும்னு. அப்புறம் நான் யோசிக்கவே இல்ல."

கடையில் இருந்த பெண் சீட்டைப் பார்த்ததுமே வெளியே ஓடிப் போய் ஒரு டாக்சியை நிறுத்தினாளாம். டாக்சிக்காரர் வயசானவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டைப் படித்தாராம். துணியிலிருந்து சீட்டில் ஏறிய மஞ்சள் விரலில் ஒட்டியதால் அதை மோந்து பார்த்துவிட்டு, ஓட்டல் வரும்வரை சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினாராம். ஓட்டல் வாசலில் எட்வர்ட் சார் போலீசுக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தாராம்.

"என்னைப் பார்த்ததும் அவரு அழுதுட்டாரு. நான்தான் சமாதானம் பண்ணேன்," என்றாள் அம்மா.

"கோவமாம்மா?" என்று பூமிகா மெதுவாகக் கேட்டாள்.

"யார் மேல?"

"முடிச்சுல சீட்டு வச்சதுக்கு."

"மறுபடியும் முடிஞ்சு ஊக்குப் போட்டுட்டேன். இந்த வாட்டி சீட்ட நானே உள்ள வச்சேன்."

அம்மா ஊர் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் திருத்தணிக்குப் போனார்கள். மதன் கையில் பச்சை நிற டைனோசர் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. அவன்தான் வேண்டாம் என்றான். ஆனால் அவன் முதலில் கேட்டதை அம்மா மறக்கவில்லை.

உண்டியல் முன்னால் அம்மா முடிச்சை அவிழ்த்துக் காசைப் போட்டாள். பிறகு மஞ்சள் ஏறிய அந்தச் சீட்டையும் மடித்து உள்ளே போட்டாள்.

"முருகனுக்கு எதுக்கு அட்ரஸு? அவருதான் மயில் மேல ஏறி உலகத்தையே சுத்தினவராச்சே," என்றான் மதன்.

"சுத்தினாரு. நடுவழியில மயிலுக்குச் சார்ஜ் தீர்ந்துட்டா?" என்றாள் அம்மா. அப்பா சத்தம் போட்டுச் சிரித்ததில் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சிரித்துப் பேசியபடியே படி இறங்கி, பேருந்து நிற்கும் இடத்துக்கு வந்தார்கள். பூமிகா அம்மாவின் கையைப் பார்த்தாள். இன்னொரு கையையும் பார்த்தாள்.

"அம்மா, பை எங்க?"

நர்மதா மலையை நிமிர்ந்து பார்த்தாள்.

பூமிகா செருப்பைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் படியேறத் தொடங்கினாள்.