பட்டறையில் கேட்காத சத்தம்

காலை பத்து மணி. பட்டறையில் சத்தம் காணாமல் போயிருந்தது. அதுவும் மூன்றாவது முறையாக.

மெக்கானிக் பைக்கின் சீட்டை இரண்டு கைகளாலும் அமுக்கினான். மௌனம். ஏறி உட்கார்ந்து குலுக்கினான். மௌனம். தெருமுனை வேகத்தடை வரை ஓட்டிப் போய்த் திரும்பினான். ஈரத் தரையில் பைக் பளபளவென்று நின்றது. ஒரு முனகல்கூட இல்லை.

"இல்லாத சத்தத்தை எங்க போய்த் தேடறது அக்கா?"

அக்கா சப்-இன்ஸ்பெக்டர். விடுமுறை நாளில் தன் ஸ்கூட்டருக்குப் பிரேக் பார்க்க வந்தவள், டீ டம்ளரோடு ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"வண்டிக்காரர் யாரு? நீ கட்டிக்க ஆசைப்படறியே, அந்தப் பொண்ணோட அப்பாதானே?"

"அவரேதான். கோர்ட் குமாஸ்தா. 'ஒரு சத்தத்தைக் கண்டுபிடிக்கத் துப்பில்லாதவன் என் பொண்ணை எப்படி வச்சுக் காப்பாத்துவான்'னு கேக்கறார். இன்னொரு தடவை சத்தம் வந்தா, வண்டியும் இங்க வராதாம், பொண்ணும் வரமாட்டாளாம்." குரலைத் தாழ்த்தினான். "எனக்கு ஒரு சந்தேகம்க்கா. சத்தமே கிடையாது. பொண்ணு குடுக்க மனசில்லாம மனுஷன் கதை கட்டறார்."

"நோக்கம் சரியா பொருந்துது. சாட்சி?"

"நீதானே போலீஸ்!"

மாலை ஐந்தரை. குமாஸ்தா வண்டியை எடுக்க வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, இறுகிய முகம்.

"சத்தம் எப்ப வருது சார்?" என்றாள் சப்-இன்ஸ்பெக்டர்.

"பள்ளத்துல இறங்கினா வரும். பின்னாடி யாரோ எலியை மிதிச்ச மாதிரி, கீச்சு கீச்சுன்னு."

"தினமுமா?"

"இங்கேருந்து எடுத்துட்டுப் போனா மூணு நாலு நாள் சமர்த்தா இருக்கும். அப்புறம் ஆரம்பிச்சிடும்."

"நான் வண்டியில ஒண்ணுமே பண்ணலை சார்!" என்றான் மெக்கானிக்.

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் குமாஸ்தா.

மறுநாள் மதியம். குமாஸ்தாவின் மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். சப்-இன்ஸ்பெக்டர் போனபோது கடையில் வேறு ஆள் இல்லை.

"உங்கப்பா வண்டியில நிஜமாவே சத்தம் வருதா?"

"வருது அண்ணி..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மேடம். வாசல்ல ஏத்தும்போது கீச்னு கேக்கும். உடனே நான் போனை வச்சிடுவேன்."

"யாரோட பேசற போன்?"

பெண் ஒரு கண்ணாடியை எடுத்து அவசரமாகத் துடைத்தாள். "உங்க தம்பியோடதான். வண்டி பட்டறைக்குப் போய் வந்த புதுசுல உஷாரா இருப்பேன். மத்தபடி ஒரே ஒரு நாள்தான் சத்தம் கேக்கலை. அன்னிக்கு நல்ல மழை. மழை விட்ட பிறகுதான் அப்பா வந்தார், ஆனா வண்டி கத்தவே இல்லை. வழியில நனைஞ்சு, சொட்டச் சொட்ட வந்து பின்னாடி நிக்கறார். கையும் களவுமா மாட்டிக்கிட்டேன்."

சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "மழை விட்ட பிறகு. நிச்சயமா?"

"நிச்சயமா."

சப்-இன்ஸ்பெக்டர் நேராகப் பட்டறைக்கு வந்தாள். யாரோ ஒருவர் அப்போதுதான் வண்டியை நிறுத்தி, "கிளட்ச்சுல..." என்று தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் மெக்கானிக்கின் கையில் தண்ணீர்க் குழாய் வந்துவிட்டது.

"முதல்ல குளியல், அப்புறம்தான் வைத்தியம். யார் வண்டியா இருந்தாலும் நம்ம பட்டறையில அதான் சட்டம்!"

தண்ணீர் பீய்ச்சியடித்தது. சப்-இன்ஸ்பெக்டர் அதையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு குமாஸ்தாவுக்குப் போன் செய்தாள். "சத்தம் திரும்பினதும் வண்டியைக் கொண்டு வாங்க சார். அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது."

அந்த வார இறுதியில், வெயில் ஏறும் நேரத்துக்கு, பைக் புழுதியோடு வந்து நின்றது. மெக்கானிக்கின் கை பழக்கதோஷத்தில் குழாயைத் தேடியது.

"தொட்டே, கையை உடைப்பேன்," என்றாள் அக்கா. "சீட்டை அமுக்கு."

கீச்!

குமாஸ்தாவின் முகத்தில் வழக்கு ஜெயித்த களை. மெக்கானிக்கின் முகத்தில் ரத்தமே இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, பின்சக்கரத்தின் பக்கம் குனிந்தாள். இடது ஷாக் அப்சார்பரின் மேல் முனையில் கொஞ்சம் ஊற்றினாள். "அமுக்கு." கீச். கீழ் முனை. கீச். வலது பக்கம், மேல் முனை. கீச். கீழ் முனை.

மௌனம்.

"கழட்டு."

நட்டைக் கழற்றியதும், ஷாக் அப்சார்பரைத் தாங்கும் ரப்பர் புஷ், காய்ந்து வெடித்த நிலையில், வெளியே வந்தது.

"இதான் குற்றவாளியா?" என்றார் குமாஸ்தா.

"கத்தினது இது சார். ஆனா தடயத்தை அழிச்சது இவன்." தம்பியைக் காட்டினாள். "ரப்பர் காய்ஞ்சு உரசினா கத்தும். நனைஞ்சா வழுக்கிக்கிட்டுப் போயிடும். மழை நாள்ல அது ஏன் கத்தலை? அதனாலதான். இவன் வண்டி வந்ததும் கழுவிட்டு, அப்புறம் காதைத் தீட்டிக்கிட்டுத் தேடறான். கொலை நடந்த ரூமை அலசி விட்டுட்டு ரத்தம் எங்கேன்னு கேட்டா எங்கேருந்து வரும்?"

குமாஸ்தா மெக்கானிக்கைப் பார்த்தார். புஷ் பழசு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"தப்பு என்னோடதுதான் சார். அதோட... நீங்க பொய் சொல்றீங்கன்னு அக்காகிட்ட சொன்னேன்."

"டேய்!" என்றாள் சப்-இன்ஸ்பெக்டர். "அதை யாருடா உன்கிட்ட கேட்டா?"

"யாரும் கேக்கலை," என்றார் குமாஸ்தா மெதுவாக. "கோர்ட்லயே என் காலம் போயிடுச்சு. கேக்காமலே ஒத்துக்கிட்ட ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

புது புஷ் ஏறியது. அவரே சீட்டை அமுக்கிப் பார்த்தார். மறுபடியும் அமுக்கினார். வண்டியில் ஏறி உட்கார்ந்தவர், கிளப்பாமல் திரும்பினார்.

"உங்க வீட்டுல பெரியவங்க யாரும்மா? வந்து பேசச் சொல்லுங்க."

"நான்தான் சார் பெரியவ."

அவர் வண்டியைக் கிளப்பினார்.

"சரி வாங்க. ஆனா யூனிஃபார்ம் வேண்டாம். அக்கம்பக்கத்துல வேற மாதிரி நினைச்சுக்குவாங்க."